மாரிக்கனியின் மூன்றாம் பயணம்

மாரிக்கனி இரண்டு தடவை வெளிநாடு போய்வந்தவள் என்பது பாலவனத்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை மஸ்கட், அடுத்த முறை ஆஸ்திரேலியாவில் பெர்த். மிளகாய் எடுக்கவும் மல்லி பிடுங்கவும் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். மகள் காளீஸ்வரி நர்ஸுக்குப் படித்து மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மூத்த பிள்ளை பிறந்தபோது அம்மாவை வரவழைத்துக்கொண்டாள். பிறகு மகளும் மருமகனும் பெர்த்துக்கு மாறினார்கள். போன வருஷம் மூன்று மாதம் அங்கேயும் இருந்துவிட்டு வந்தாள். இப்போது காளீஸ்வரிக்குத் தை மாதம் இரண்டாவது பிரசவம். டிக்கெட் போட்டாயிற்று. இன்னும் பன்னிரண்டு நாளில் பயணம்.

ஊரே பொறாமைப்படும் அந்தப் பயணத்தை நினைக்கவே மாரிக்கனி பயந்தாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆவணியில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குச் சும்மா போய்ப் பார்த்தாள். கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்தாள். டாக்டரம்மா இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விருதுநகருக்கு வந்து ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாரிக்கனி தனியாகப் பஸ் ஏறினாள். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் அமுக்க வேண்டும். நடுவில் சில புள்ளிகள் தெரிந்தன, அமுக்கினாள். அப்புறம் எதுவும் வரவில்லை. வெகு நேரம் காத்திருந்தாள். இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து, மறுபடி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டாள். பரிசோதனை முடிந்துவிட்டது என்றாள் அங்கிருந்த பெண்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் பெரிய டாக்டர். நேரே பார்ப்பது தெரியும், இரண்டு பக்கமும் போய்விட்டது. போனது வராது. இருப்பதையாவது காப்பாற்ற ஆபரேஷன் செய்ய வேண்டும், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார். மாரிக்கனி அந்தச் சீட்டை மடித்துப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தாள். பேறுகாலம் முடியட்டும், திரும்பி வந்து ஆபரேஷன் வைத்துக்கொள்வோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெர்த்தில் ரோட்டைக் கடக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்து வந்ததும், சிங்கப்பூரில் விமானம் மாறும்போது யார் யார் மீதோ மோதிக்கொண்டே நடந்ததும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின. வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குக் கண்டமாகிவிட்டன. மகன் விஜயபாண்டி அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து அம்மா, மனைவி தங்கமாரி, மூன்றரை வயது மகள் முத்துமீனா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவான். இருக்கன்குடி, ராமேஸ்வரம், ஒன்றுமில்லாவிட்டால் விருதுநகரில் பரோட்டா. முன்பெல்லாம் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்காருபவள் மாரிக்கனிதான். இப்போது சனிக்கிழமை சாயங்காலமே, நாளைக்கு எதைச் சொல்லித் தப்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். வெளியே போனால் பேத்தியின் தோளில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சுகிற மாதிரி நடப்பாள். படி வந்தால் சேலையைச் சரிசெய்கிற சாக்கில் நின்று மற்றவர்களை முன்னால் போகவிடுவாள். ஹோட்டலில் சுவரோரம் உட்காருவாள். திருச்சுழிக் கோயிலில் ஒருநாள் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டு, கால் வழுக்கிவிட்டது என்றாள். விஜயபாண்டி நம்பினான். தங்கமாரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். மகன் விடவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் பறந்துவிடுவாய், அப்புறம் ஆறு மாதம் உன்னை எங்கே பிடிப்பது என்றான். கார்த்திகை மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்து, திருச்சுழி ரோட்டில் ஒரு கண்மாய் நிறைந்திருந்தது. மிஞ்சிய தண்ணீர் கலுங்குச் சுவரைத் தாண்டி விழுவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு ஒரு தடவை காணக் கிடைக்கிற தண்ணீர்.

கார் நிறுத்த இடமில்லை. இவர்களை இறக்கிவிட்டு விஜயபாண்டி தூரத்தில் போய் நிறுத்தப் போனான். கரையெல்லாம் மோட்டார் சைக்கிள், மக்காச்சோளம் சுடுகிறவர்கள், பிள்ளைகுட்டிகள். தண்ணீர் விழும் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. மாரிக்கனி பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். தங்கமாரியின் போன் அடித்தது. பெர்த்திலிருந்து காளீஸ்வரி வீடியோவில் கூப்பிட்டாள். தங்கமாரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, போனை மாமியாரிடம் கொடுத்தாள். பிள்ளைக்குச் சோளம் வாங்கி வருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கூட்டத்துக்குள் போனாள்.

மாரிக்கனி மகளின் முகத்தைப் பார்த்தாள். நேரே பார்ப்பது நன்றாகவே தெரிந்தது. முகம் உப்பியிருந்தது, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டாள். இரைச்சலில் மகள் சொன்னது கேட்கவில்லை. போனைக் காதருகே கொண்டுபோகப் பிள்ளையின் கையை ஒரு நொடி விட்டாள். உடனே சேலையைச் சின்ன விரல்கள் பற்றுவது தெரிந்தது. சரி, இங்கேதான் நிற்கிறாள் என்று நிம்மதியாகப் பேச ஆரம்பித்தாள். தண்ணீரைக் காட்டு என்று காளீஸ்வரி கேட்க, போனைத் திருப்பிக் காட்டினாள். சேலையைப் பிடித்த விரல்கள் அப்படியே இருந்தன.

பேச்சுக்கு நடுவில் தலையைக் குனிந்து இடது பக்கம் நன்றாகத் திருப்பினாள். சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு பிள்ளை. பச்சைப் பாவாடை கட்டிய யார் வீட்டுப் பெண்ணோ, தன் ஆத்தா என்று நினைத்துப் பிடித்திருந்தது. இவள் முகத்தைப் பார்த்ததும் அது விரலை விட்டுவிட்டு ஓடியது.

மாரிக்கனி போனைக் கீழே இறக்கினாள். பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு பார்வைக்கு ஒரு துண்டுதான் தெரிந்தது. ஒரு வண்டிச் சக்கரம். யாரோ ஒருவரின் கால்கள். வெள்ளையாக நுரைத்து விழும் தண்ணீர். மறுபடி கால்கள். பேத்தி போட்டிருந்த சிவப்புக் கவுன் எங்கேயும் இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தாள், கல் தட்டி முழங்கால் இடித்து விழுந்தாள். எழுந்தாள். எந்தப் பக்கம் தேடினாலும் மற்ற பக்கம் இருட்டு. பிள்ளை அந்த இருட்டில்தான் இருக்கிறது என்று தோன்றியதும், மூன்று மாதமாக மூடி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஏய்யா, யாராச்சும் பாருங்கய்யா, எனக்குக் கண்ணு தெரியாது! சிவப்புக் கவுனு போட்ட பிள்ளையக் காணோம், எனக்குக் கண்ணு தெரியாதுய்யா!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருத்தி கலுங்கைக் காட்டிக் கத்தினாள். கலுங்குக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் வலை வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, இரண்டே தாவலில் சுவரில் ஏறினார். பாசி படிந்த கல்லில் உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீரில் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் முத்துமீனா. அவர் கவுனைப் பின்னால் கொத்தாகப் பற்றித் தூக்கினார். மாரிக்கனி நின்ற இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் ஆறு எட்டு வைக்கிற தூரம்தான். வலது பக்கம்.

சோளக்கதிருடன் ஓடிவந்த தங்கமாரி பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளையின் ஈரக் காலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதும் மாரிக்கனியின் கையில் போன் அணையாமல் இருந்தது. அதிலிருந்து காளீஸ்வரியின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, என்ன சொன்ன? கண்ணு தெரியாதுன்னியா? அம்மா?"

தங்கமாரி போனை வாங்கி அணைத்தாள்.

காரை நிறுத்திவிட்டு வந்த விஜயபாண்டியிடம் தங்கமாரி நடந்ததைச் சொன்னாள், உடனே வீட்டுக்குத் திரும்பினார்கள். மேட்டுக் காடுகளைத் தாண்டி வந்த பிறகு, எப்போதிருந்து என்று விஜயபாண்டி கேட்டான். மாரிக்கனி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், முகாம், விருதுநகர், பொத்தான், பெட்டியில் இருக்கும் சீட்டு எல்லாவற்றையும். அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய், ஒரு பருத்திக் காட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காளீஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முழுதும் படித்திருந்தாள். நர்ஸ் என்பதால் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாரிக்கனிக்குத் தேவலை என்றிருக்கும்.

"ரெண்டு மாசத்துல நான் டூட்டிக்குப் போயிருப்பேன். பச்சப் பிள்ளையவும் பெரியவளையும் உன்கிட்ட விட்டுட்டுப் போயிருப்பேன். ஒருநாள்கூட உனக்கு அது தோணலையாம்மா?"

"தோணுச்சு."

"தோணியுமா?"

"தோணியுந்தான்," என்றாள் மாரிக்கனி. "உன்னையப் பாக்கணும்னு இருந்துச்சு. வேற என்னத்தச் சொல்ல."

பிறகு, முதலில் ஆபரேஷனைப் பார் என்று சொல்லிவிட்டுக் காளீஸ்வரி வைத்துவிட்டாள். அடுத்த நாளே டிக்கெட் ரத்தானது.

மூன்று நாள் தங்கமாரி பிள்ளையை மாமியார் பக்கம் விடவில்லை. அடுப்படிக்குப் போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். மாரிக்கனி அதைத் தவறு என்று நினைக்கவில்லை. நாலாம் நாள் மதியம், பிள்ளை தூங்கியபின், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகளின் எதிரில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அதற்குள் தங்கமாரி முந்திக்கொண்டாள்.

"எனக்கு முன்னமே தெரியும் அத்தை."

மாரிக்கனிக்கு விளங்கவில்லை.

"தட்டுல ஓரத்துல வச்ச கூட்ட நீங்க தொடவே மாட்டிங்க. நடுவுல நகத்தி வச்சா சாப்பிடுவிங்க. புரட்டாசியிலயே தெரியும்." அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சொன்னா, மக வீட்டுக்குப் போகவிடாம மருமக தடுக்குறான்னு எல்லாரும் சொல்லுவாகன்னு நினைச்சேன். உங்க மகனே நினைப்பாக. தெரிஞ்சுக்கிட்டேதான் பிள்ளைய உங்க கையில விட்டுட்டுச் சோளம் வாங்கப் போனேன்."

அவள் அழுதாள். வெங்காயத்தால் என்று சொல்லக்கூடிய அழுகை அல்ல அது. மாரிக்கனிக்கு முதலில் கோபம் வந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே என்று சுள்ளென்று வந்தது. ஆனால் தானும் அதைத்தானே செய்தோம் என்று நினைத்ததும் அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. பிறகு மாரிக்கனி முறத்தைத் தன் பக்கம் இழுத்துப் பாதி வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் முன்பே சொன்னதுபோல் போனது வரவில்லை, இருப்பது மேலும் போகாமல் நின்றது. பெர்த்துக்கு மாரிக்கனிக்குப் பதிலாக மருமகனின் அம்மா ராஜேஸ்வரி போவதென்று முடிவாயிற்று. வீரசோழன் கிராமத்தைத் தாண்டி ஒரு சிறிய ஊர் அவளுக்கு, விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவள். தினமும் போனில் கூப்பிட்டு ஏதாவது கேட்பாள். பெல்டை எப்படி மாட்டுவது, சாப்பாட்டில் கறி கலந்திருக்குமா, பெட்டி தொலைந்தால் யாரிடம் சொல்வது. மாரிக்கனி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பேசி முடித்து வைத்த பிறகு, தன் வயிற்றில் பிறந்தவளின் பேறுகாலத்துக்கு வேறொருத்திக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொள்வாள். பேறுகால மருந்துப் பொடியைத் தானே இடித்துக் கட்டிக் கொடுத்தாள். மஸ்கட்டில் காளீஸ்வரிக்கு அந்தப் பொடிதான் பிடித்திருந்தது.

ராஜேஸ்வரியை மதுரை விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விஜயபாண்டியின் காரில் எல்லோரும் போனார்கள். வாசலில் அவள் மாரிக்கனியின் கையை விடவே இல்லை. "நீங்க போக வேண்டியது மதினி, நான் போறேன்," என்றாள். பிள்ளை பிறந்ததும் முதலில் தனக்குத்தான் காட்ட வேண்டும் என்று மட்டும் மாரிக்கனி சொல்லி, அவள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

அவள் உள்ளே போன பிறகு கார் நின்ற இடத்துக்கு ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. விஜயபாண்டி வண்டியை எடுக்க முன்னால் போய்விட்டான். தங்கமாரி பிள்ளையைத் தூக்கியிருந்தாள். ரோட்டோரம் வந்ததும் மாரிக்கனி நின்றாள். இத்தனை மாதமாக இப்படி நிற்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்வாள். இன்று மருமகள் பக்கம் கையை நீட்டினாள்.

"பக்கத்துல என்ன வருதுன்னு சொல்லு தங்கம். எனக்குத் தெரியலை."

தங்கமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வேன் வருது அத்தை. நில்லுங்க."

வேன் போகும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு கடந்து போனார்கள்.