சுரேந்திரனின் மாத்திரை

மருந்து கொடுக்காத கூண்டிலும் எலிகளின் காதுகள் சிவந்து தடித்திருந்தன. நீலாவதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூண்டுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். வெளியே போர்ட் பிளேர் மழை ஓய்கிறபாடில்லை.

அவை மரபணு மாற்றிய எலிகள். தண்ணீரில் டாக்ஸிசைக்ளின் மருந்து கலந்தால்தான் தோலில் வளர்ச்சிக் காரணி சுரந்து காது சிவக்கும், நிறுத்தினால் அடங்கிவிடும். போடாத சுவிட்சுக்கு எந்த விளக்காவது எரியுமா?

எலிகளைப் பராமரிக்கும் சுரேந்திரன் நேற்றிலிருந்து வரவில்லை. பெரார்கஞ்சிலிருக்கும் அவன் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தண்ணியில எதாச்சும் கலந்தியா?"

"கோச்சுக்காதீங்க மேடம்." அவன் குரல் கம்மியிருந்தது. "என்னைய மாதிரி வயல்ல இறங்குறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வராம இருக்க வாராவாரம் மாத்திரை குடுக்குறாங்கல்ல? பக்கத்துக் கூண்டுக்கு நீங்க ஊத்துற அதே மருந்துதான். இதுங்களுக்கு மட்டும் இல்லையேன்னு பாவமா இருந்திச்சு. என் மாத்திரையக் கரைச்சு ஊத்திட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? என் ஆராய்ச்சியெல்லாம்..." கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்போ நீ எதைப் போட்ட?"

"நமக்கென்ன மேடம், சேத்துலயே கெடந்த உடம்பு. லேசா ஜுரம்தான். கெண்டைக்கால்தான் வலி உயிர் போகுது."

ஜுரம், கெண்டைக்கால் வலி; எலிக்காய்ச்சலுக்கு இன்னும் ஓர் அறிகுறிதான் பாக்கி. நீலாவதியின் கை வண்டிச் சாவியைத் தேடியது.

"எழுந்து போய்க் கண்ணாடியில உன் கண்ணைப் பாரு."

"அச்சா மேடம்." கால் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சிரித்தான்.

"செக்கச்செவேல்னு இருக்கு மேடம். நம்ம எலிங்க காது மாதிரியே."