குளிர்காலமே பார்க்காத மரம்

எங்க பேராசிரியருக்கு நாங்க வச்ச பட்டப்பேரு 'குளிர்காலம்'. இந்தப் பொட்டல் காட்டுல கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி உறைபனி விழுந்துச்சுன்னு எழுதித்தான் மனுஷன் பெரிய ஆள் ஆனார். ஆதாரம், கல்லாப்போன ஒரு மரம். அதுல வரிவரியா வளையம். வருஷா வருஷம் குளிர்ல வளர்ச்சி நின்னதுக்கு அடையாளமாம்.

அந்த மரத்துல மிஞ்சின கடைசித் துண்டை எங்கிட்ட குடுத்து, "இதை உறுதிப்படுத்து, பட்டம் வாங்கிக்கோ"ன்னார். நானும் சில்லு மாதிரி அறுத்து, கண்ணாடியில ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா தேய்ச்சேன். மீதிக் கல்லு வேற சோதனைக்குப் பொடியாப் போச்சு.

நுண்ணோக்கியில பார்த்தா, அடக் கடவுளே, வளையமே இல்ல! இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் செல்லெல்லாம் ஒரே அளவு. வரின்னு நினைச்சது வெறும் இரும்புக்கறை. செல்லைக் குறுக்கால வெட்டிக்கிட்டு இஷ்டத்துக்கு ஓடுது. வருஷம் பூரா மழையும் வெதுவெதுப்புமா இருந்த காட்டு மரம் அது. குளிருன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது.

அவரும் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தடிமனா இருக்கும்மா. இன்னும் தேய்."

"இதுக்கு மேல தேய்ச்சா வெறும் கண்ணாடிதான் சார் மிஞ்சும்."

"பட்டம் வேணும்ல? தேய்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றாரு!

அக்காவுக்கு போன் போட்டேன். துணி தைச்சுத் தைச்சு என்னைப் படிக்க வைக்கிறவ அவ.

"கரையேறுற நேரத்துல ஏண்டி வம்பு? தேய்ச்சுட்டு வெளிய வா"ன்னா. அவ சொல்றதும் நியாயம்தான்.

மறுநாள் துறைக் கூட்டம். எல்லாருக்கும் தெரியற மாதிரி அந்தக் கண்ணாடிச் சில்லைப் பெருசாக்கித் திரையில போட்டேன்.

"சார், ஒரே ஒரு வளையத்தை விரல் வச்சுக் காட்டுங்க. இப்பவே தேய்ச்சுடறேன்."

எழுந்து வந்தார். ஒரு கறை மேல விரலை ஓட்டினார். அது செல்லுக்கு நடுவுல பூந்து போற இடத்துல விரல் நின்னுடுச்சு. கையைச் சட்டைப் பையில விட்டுக்கிட்டார்.

"இனிமே நான் உனக்கு வழிகாட்டி இல்ல"ன்னு சொல்லிட்டு வெளிய போனார். நாலு வருஷ உழைப்பு அவரோடயே போச்சு.

அக்காகிட்ட சொன்னேன்.

"அந்தக் கண்ணாடி?"

"தேய்க்கலைக்கா."

"அப்போ முதல்லருந்து படி. எவன் தடுக்கறான்னு நான் பார்க்கறேன்."