இவ பாத்துப்பா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துல வேலை பார்த்தாலும், மொட்டை மாடி மெஷின் ரூம்ல தொங்குற அட்டையில தேதி போட்டு, சுழிச்சு ஒரு கையெழுத்தும் போடாம கீழ இறங்க மாட்டார். பத்தொன்பது வருஷப் பழக்கம். அது வீட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கிச்சு. பல்பு மாத்தினா பல்பு மேல தேதி. குழாய்க்கு வாஷர் போட்டா சுவத்துல தேதி. கல்யாண ஆல்பத்துக்குப் பின்னாடிகூடப் போட்டிருக்கார். வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சாரோ என்னமோ!

அவங்க தொழில்ல இன்னொரு சட்டமும் உண்டு. வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சுல, கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் எழுதின ஒரு சிவப்பு அட்டை தொங்கும். மாட்டினவர் கையாலதான் அதைக் கழட்டணும். முதலாளியே வந்து நின்னாலும் தொடக் கூடாது. ஒருத்தன் அவசரப்பட்டுக் கழட்டினதுல இவரோட கூட்டாளிக்கு ரெண்டு விரல் போச்சு. அதைச் சொல்லும்போதெல்லாம் இவர் முகம் கறுத்துடும்.

போன மாசம் இருபத்தொண்ணாம் தேதி கம்பெனியில இருந்து கடிதம் வந்துது. இங்க இருக்கிற கிளையை மூடறாங்களாம். ரெண்டு பெரிய நகரத்துல எது வேணும்னு இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும். ஒண்ணு கடல் பக்கம். அங்க இவரோட அக்கா இருக்கா. இன்னொண்ணு ஆத்தோரம். அங்க எங்களுக்கு யாருமே இல்லை. ஆனா எனக்கு ஒரு வேலை இருக்கு.

நான் பல் செய்யறவ. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நாங்க லேப்ல பீங்கான் பொடியைக் குழைச்சு, பிரஷ்ஷால ஏத்தி, சுட்டு, பல்லாக்கிக் குடுப்போம். பதினாறு வருஷமா எனக்குக் கடைவாய்ப் பல்லு மட்டும்தான். யார் கண்ணுலயும் படாத பல்லு. முன்பல்லெல்லாம் முதலாளியோட மச்சானுக்கு. அந்த மகராசன் செஞ்ச பல்லு சுண்ணாம்புக் கட்டி கணக்கா இருக்கும். ஆத்தோர நகரத்துல ஒரு பெரிய லேபுக்கு நான் ஒரே ஒரு முன்பல்லு செஞ்சு அனுப்பிப் பார்த்தேன். நுனியில வெளிச்சம் ஊடுருவிப் போற மாதிரி, ஓரத்துல ஒரு மெல்லிசு நீலம் வச்சு. மூணாம் நாளே போன். "முன்பல் பகுதியை நீங்களே எடுத்துக்கங்க, எப்ப வர்றீங்க?"

அழுதுட்டேன். வெக்கம் என்ன, அழுதேன்தான்.

இவர் அவசரமே படலை. "நிதானமா யோசிப்போம்மா"ன்னார். ஒரு நோட்டை எடுத்து நடுவுல கோடு கிழிச்சார். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஆறு. தினம் சாயங்காலம் டீயோட உக்காருவோம். தண்ணி எங்க நல்லாருக்கு, பஸ் எங்க அதிகம், மழை எங்க கம்மி. பதினோரு சாயங்காலம்! என் வேலையைக்கூட அவர் கையாலேயே ஆத்துப் பக்கம் எழுதி, அடியில கோடு போட்டார். எனக்குப் பெருமையா இருந்துது. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, "எங்க வீட்ல எல்லாம் கலந்து பேசித்தான்"னு பீத்திக்கிட்டேன். அந்த வாயில அறையணும்.

நேத்து மத்தியானம் அலமாரியை அளக்கலாம்னு இவர் வீட்டுல வச்சிருக்கிற டூல் பையில டேப்பைத் தேடினேன். டேப்போட ஒரு மடிச்ச காகிதமும் வந்துது. பிரிச்சேன். ஒரு ரூமோட படம். ஸ்கேல் வச்சு நேர்த்தியா வரைஞ்சது. தலைப்பு, "அக்கா வீடு, மாடி." நீளம், அகலம், ஜன்னல், கட்டில். கட்டிலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி போட்டு, "தொட்டில்"னு எழுதியிருந்துது.

எங்களுக்கு ஏதுங்க தொட்டில்? எங்க பையன் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கான். நாத்தனார் மகளுக்குத்தான் கைக்குழந்தை. அவ வேலைக்குப் போகணும், ஆள் கிடைக்கலைன்னு ஆறு மாசமா ஒரே புலம்பல்.

தொட்டிலுக்குக் கீழ பொடி எழுத்துல, "பகல்ல இவ பாத்துப்பா."

அதுக்கும் கீழ, சுழிச்ச கையெழுத்து. தேதி, போன மாசம் மூணு.

கடிதம் வந்தது இருபத்தொண்ணு! மூணாம் தேதி இவர், அக்காவுக்கு முட்டி வலின்னு பார்த்துட்டு வரப் போனார். நான்தான் தைலம் வாங்கிக் குடுத்தனுப்பினேன். கிளை மூடப்போற சேதி அப்பவே காதுல விழுந்திருக்கு. அக்காவும் தம்பியும் உக்காந்து பேசி, என்னை அளந்து, தொட்டில் பக்கத்துல வச்சாச்சு. அப்புறம் எதுக்கு அந்த நோட்டு, அந்தக் கோடு, அந்தப் பதினோரு டீ? திருட்டு வேலைக்குக்கூடத் தேதி போட்டு வைக்கிற மனுஷனை என்னன்னு சொல்றது!

உக்காந்து அழல. ஏழு பெட்டி கட்டினேன். என் துணி, என் பிரஷ், மாடல் பல்லு, என் மேஜை விளக்கு. லேபுக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை வர்றேன்னுட்டேன். அங்கேயே பெண்கள் ஹாஸ்டல்ல ஒரு கட்டிலும் சொல்லி வச்சேன். அப்புறம் டூல் பையில இருந்து சிவப்பு அட்டை ஒண்ணை எடுத்தேன்.

சாயங்காலம் வந்தார். டீ இல்லை. மேஜை மேல காகிதம் மட்டும்.

"இது... சும்மா அளந்து பார்த்ததும்மா."

"எனக்கே காது குத்தாதீங்க. ‘இவ பாத்துப்பா’. எந்த இவ?"

"அக்கா பாவம்..."

"உங்க அக்கா பாவம். நான் யாரு? பதினாறு வருஷம் கடைவாய்ப் பல்லு செஞ்சவ, மிச்சத்துக்குக் குழந்தைக்குத் துணி மாத்தட்டும்னு விட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டையோட போயிருக்கும். என்னைக் கேக்கற மாதிரி நடிச்சீங்க பாருங்க, அதை நான் மன்னிக்கவே மாட்டேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் கட்டில் போட்டிருக்கே. பக்கத்துலயே தொட்டில். நல்லா ஆட்டுங்க."

அவர் விறுவிறுன்னு பெட்டிகள்கிட்டப் போனார். மேல இருந்த பெட்டியை இறக்கக் கையை நீட்டினவர், அப்படியே நின்னுட்டார். கயித்துல சிவப்பு அட்டை தொங்குது. அதுல என் கையெழுத்து, அன்னிக்குத் தேதி, ஆத்தோர நகரத்தோட பேர்.

கை அந்தரத்துலயே நின்னுது. முகம் கறுத்துடுச்சு. என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கழட்டல.

மெல்ல, "நேரம் எழுதலையே"ன்னார்.

"எழுதிக்கங்க."

சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தார். காலியா இருந்த கட்டத்துல ஆறு நாப்பதுன்னு எழுதினார்.