பின்சீட்டு

"ஹாரனை மட்டும் கேக்காத புள்ள. மத்ததையெல்லாம் எடுத்துக்க."

"ஹாரன் இல்லாத வண்டிய வெச்சு என்னங்க பண்றது? வளைவுக்கு வளைவு எறங்கி நின்னு நீங்களே கத்துவீங்களா?"

கௌரி இப்படிக் கேட்டதும் மெக்கானிக் கிங்ஸ்டன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவள் கணவன் தனபால் சிரிக்கவில்லை. மிளகுத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகளை விரட்ட, பழைய பேட்டரியோடு அந்த ஹாரனைத்தான் அவன் மரத்தில் கட்டி வைத்திருந்தான்.

மாரமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், காப்பி மூட்டைகள் அடுக்கும் கொட்டகையில், அந்த யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஏழெட்டு வருடமாக நின்றது. நின்றது என்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் கரைந்தது என்று சொல்லலாம். கண்ணாடி முகம் மழிக்கப் போய்விட்டது. டியூபை வார்வாராக அறுத்து மிளகுக்கொடிகளை சில்வர் ஓக் மரங்களோடு கட்டியாயிற்று. கொடிகளும் எட்டாத உயரம் ஏறிவிட்டன. கிளட்ச் கம்பி ஆட்டுப்பட்டியின் படலைப் பிடித்துக்கொண்டிருந்தது. யார் எதைக் கேட்டாலும் தனபால் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தான்.

ஏன் என்று கௌரிக்குத் தெரியும். அப்போது ஒருநாள் கரடியூருக்குப் போகும் வழியில் ஒரு வளைவில், பனிமூட்டத்திலிருந்து ஒரு காட்டெருமை திடீரென்று சாலைக்கு வந்தது. வண்டி சறுக்கியது. அவனுக்குச் சிராய்ப்பு, பின்னால் இருந்த அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடி, அதே தோளில் இப்போது காப்பி மூட்டையே தூக்குகிறாள். அவன் மட்டும் இன்னும் அந்த வளைவிலேயே கிடந்தான். பஸ்ஸுக்குக்கூட, "நீ முன்ன போ, நான் அடுத்த பஸ்ல வாரேன்" என்பான், இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் மலையே சரிந்துவிடும் என்பதுபோல.

கௌரிக்கு வண்டி ஒரு பொருட்டில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிற அந்தப் பேச்சு, பாதி காற்றோடு போய், மீதி அவன் காதில் தப்பாக விழுந்து, இருவரும் சிரித்த அந்தப் பேச்சு அவளுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் அவனைக் கேட்காமலேயே அவனுடைய பழைய கூட்டாளியை ஏற்காட்டிலிருந்து வரவழைத்திருந்தாள்.

பிளக் துளை வழியாக ஆயிலை ஊற்றி, இறுகிய பிஸ்டனை ஊறவிட்டான் கிங்ஸ்டன். சைலன்சருக்குள் குளவிகள் கட்டிய மண்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்தான். அடுத்த வாரம் புது டியூபும் கம்பியுமாக வந்தான். கடைசியில் ஹாரனும் மரத்தைவிட்டு இறங்கியது.

பத்துப் பன்னிரண்டு உதைக்குப் பிறகு வண்டி இருமியது. பிறகு நீலப்புகையை வாசல் முழுக்க ஊதித் தள்ளிவிட்டு, படபடவென்று ஓட ஆரம்பித்தது. கோழிகள் கூரையேறின. தனபாலின் கை தானாகவே டேங்கின்மேல் போய் அமர்ந்தது.

"உசுரு வந்துருச்சு மாப்ள! உன்ற வண்டியே பேசுது, நீ ஊமையாட்ட நிக்கற!" என்ற கிங்ஸ்டன் வண்டியைச் சுற்றி வந்தான். "ஆமா, பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் ரெண்டும் எங்க?"

"விழுந்தன்னிக்கே ஒடிஞ்சுபோச்சு. ஒருத்தன் போறதுக்கு அது எதுக்கு?"

கௌரிக்கு முகம் வாடியது. கிரீஸ் துடைக்கத் துணி தேடி உள்ளே போனாள். பரணில் அவனுடைய பழைய லுங்கி ஒன்று சுருட்டியிருந்தது. இழுத்தால் கனத்தது. பிரித்தாள். இரண்டு ஃபுட்ரெஸ்ட். டேங்கே துருப்பிடித்துக் கிடந்த வீட்டில் இவற்றில் மட்டும் ஒரு பொட்டுத் துரு இல்லை. தொட்ட விரலில் புது கிரீஸ் ஒட்டியது.

கொண்டுபோய் சீட்டின்மேல் வைத்தாள்.

"இதுவா ஒடிஞ்சுது? என்ற பல்லைவிட நொம்ப நல்லாருக்குதே!" என்றான் கிங்ஸ்டன். இருவர் முகத்தையும் பார்த்தவன், "ஊட்டுல காப்பி ஆறுது" என்று தானே உள்ளே போய்விட்டான்.

தனபால் தலையைத் தூக்கவில்லை. "கழட்டிட்டா நீ ஏற மாட்டீன்னு நெனச்சேன். தூக்கிப் போடத்தான் மனசு வரல."

ஸ்பேனரை எடுத்தான். ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டை மாட்டி, மெதுவாக இறுக்கினான். மற்றது கையிலேயே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

கௌரி அவன் பக்கத்தில் குந்தினாள்.

"ஏனுங்க, அதையும் மாட்டுங்க. கரடியூர் வரைக்கும் என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க."