அடுத்த மாணவனின் முதல் மார்க்

சிவப்பு மையால் குறுக்கே இழுத்த கோடு தாளைக் கிழித்தே விட்டது. வாத்தியார் தாண்டவராயன் அந்தத் தாளை மாணவி சாகிராவின் முன்னால் விட்டெறிந்தார். எண்பத்தொன்பதில் செஞ்சிக் கடைத்தெருவுக்கு அந்த மாலை வகுப்பில் இருந்ததுதான் ஒரே கம்ப்யூட்டர். அவர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் யாரும் அதன் முன் உட்கார முடியாது. இன்று எட்டு மணிக்குள் புரோகிராமை ஓட்டிக் காட்டாதவர்களின் பெயர் பரீட்சைப் பட்டியலில் இருக்காது.

"நான் போர்டுல எழுதுனது ஒண்ணு, நீ எழுதிக்கினு வர்றது ஒண்ணு. இந்த ஸ்டார் குறிக்கு எதுக்கு பிராக்கெட்டு? பக்கத்துல இன்னா அது நாலு?"

"மூணு பசங்க, ஆளுக்கு நாலு மார்க்கு சார். உங்க பாயின்டர், அதான் மார்க்கு இருக்கிற எடத்தைக் காட்டுறது, அதுல ஒண்ணு கூட்டுனா அடுத்த மார்க்குக்குத்தான் போவுது. அடுத்த பையனுக்குப் போவல."

"மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்தது நானா, நீயா?"

"அவங்களே கிளாஸ் எடுக்கட்டும் சார், நீங்க வந்து எங்க பெஞ்சுல குந்துங்க" என்றான் கன்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

சாகிரா பன்னிரண்டு மார்க்குக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கம்ப்யூட்டர் நினைவகத்தில் அதன் முகவரி எண்ணை எழுதி, நான்கு முறை எண்ணிப் பார்த்திருந்தாள். முதல் மார்க் ஆயிரத்தில், ஒவ்வொரு மார்க்கும் இரண்டிரண்டு எண் தள்ளி. அடுத்த மாணவன் ஆயிரத்து எட்டில். இருந்தும் அந்தச் சிரிப்பில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை பேருக்குத் தோன்றாதது எனக்கு மட்டும் எப்படித் தோன்றும்? போர்டில் இருப்பதை எழுதினால் கையெழுத்துக் கிடைத்துவிடும். பேனாவைத் தாளில் வைத்தாள். ஐந்தாவது முறை எண்ணியும் ஆயிரத்து எட்டே வந்தது. பேனாவை மூடினாள்.

போர்டில் இருந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்த கன்னியப்பன் தன் புரோகிராமை ஓட்டினான். முதல் மாணவனுக்கு 45, 71, 64, 80. இரண்டாமவனுக்கு 71, 64, 80, 35.

"கரண்டு சரியில்ல" என்றார் தாண்டவராயன். மறுபடி ஓட்டினார். அதே நான்கு. அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கிழிந்த தாளை இழுத்து, அதிலிருந்த வரியைக் கன்னியப்பனின் புரோகிராமில் தானே அடித்தார். இரண்டாமவனுக்கு இப்போது 35, 52, 60, 48 என்று அவனுடைய மார்க்கே வந்தது. பட்டியலை எடுத்துக் கன்னியப்பன் பெயருக்கு நேரே டிக் போட்டார்.

"சார், என் தாள்ல கையெழுத்து?"

"கோடு போட்டு அடிச்சது அடிச்சதுதான். மணி ஆச்சு, கெளம்பு."

சாகிரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு."

அவள் எழவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். திரையில், அவள் போட்ட அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. அவர் கை சுவரில், கம்ப்யூட்டரின் கரண்ட் சுவிட்சின் மேல் இருந்தது.