குறை சொல்லாதவன்

வலியில்லாத ஒரு பொழுதின் விலை ஒரு ரூபாய் அறுபது காசு. மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டை பதினாறு ரூபாய். பேரம் கிடையாது.

அப்துல் சத்தார் இறந்த மகனின் உடம்பில் இலந்தையிலை போட்ட வெந்நீரை ஊற்றினார். வயிற்றை லேசாக அழுத்திவிடச் சொன்னார், குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் மோதினார். சத்தார் கையை வைத்து அழுத்தினார்.

"மெதுவா, பாய். மையித்துக்கும் நோவும்."

அர்பாஸுக்கு இருபத்துமூன்று வயது. பேச்சு மட்டும் நாலு வயதுப் பிள்ளையின் பேச்சாகவே நின்றுபோனது. பட்டுக்கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் விலை சொல்வான். எந்தப் புடவையானாலும் பத்து ரூபாய். கல்யாணக் கும்பல் சிரிக்கும். சரியான விலையைச் சொல்லிச் சொல்லி சத்தாருக்குத்தான் தொண்டைத் தண்ணீர் வற்றும்.

போன வெள்ளிக்கிழமை அந்த விலை நின்றது. கல்லாப்பெட்டி விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்தே இருந்தான். முகூர்த்த நாள், கடை கொள்ளாத கூட்டம். பையன் சமத்தாகிவிட்டானே என்று வாடிக்கைக்காரர்கள் மெச்சினார்கள். சத்தார் அவனுக்கு பாதுஷா வாங்கிக் கொடுத்தார். அது அப்படியே காய்ந்தது.

வீட்டில் மனைவி உம்முசல்மா விடவில்லை.

"புள்ள சத்தமே காணோம். எங்கியோ நோவுதுங்க அவனுக்கு."

"நோவுனா கத்தமாட்டானா? கொசு கடிச்சாவே தெருவக் கூட்டுறவன். முப்பது வருசமா மூஞ்சியப் பாத்துதான வியாபாரம் பண்ணிக்கினு இருக்கேன். கொறை சொல்றவதான் பொடவ எடுப்பா. வாயத் தொறக்காதவளுக்கு ஒண்ணும் வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அவருக்குத் தெரியாமல் ஒரு வலி மாத்திரை கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் அர்பாஸ் எழுந்து இரண்டு தோசை தின்றான். வாசலில் நின்று, தெருவில் போன ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் விலை வைத்தான். ஓட்டுநர் சண்டைக்கு வந்துவிட்டார்.

"சும்மா இருந்தவனக் கெளப்பிவுட்டுட்டியே," என்றார், மாத்திரை விஷயம் தெரியவந்த சத்தார். "இனிமே அத்தக் குடுக்காத."

திங்கட்கிழமை மறுபடியும் சமத்தானான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடித்து இரண்டு நாளாகிறது என்றார்கள். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார். சத்தார் உம்முசல்மாவைப் பார்த்தார். வியாழன் விடியலில் முடிந்துவிட்டது.

இப்போது கஃபன் துணியைச் சுற்றி முடித்தார்கள். வெள்ளைத் துணி, அதற்கு யாரும் விலை கேட்கவில்லை. தூக்கும் முன் தாய் பார்க்கட்டும் என்று மோதினார் சொல்ல, சத்தார் உள்ளே போனார்.

உம்முசல்மா அடுப்படியில் நின்றிருந்தாள். அழவில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எண்ணிக்கோங்க."

முகம் பார்க்க அவள் வெளியே போனாள்.

புடவையைத் தொட்டே இழையின் தரம் சொல்லும் கட்டைவிரல், அட்டையின் மேல் ஒவ்வொரு குமிழாக நகர்ந்தது. ஒரு குழி காலி. மிச்சம் ஒன்பது.