மிலாறுத் துண்டு

டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருந்தாலும் ஒரே புத்தியுள்ளவை அல்ல. ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டால் அது பாட்டுக்கு வெறுமனே சுற்றும். மற்றது நல்ல தரையில் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த மாதிரி நேரத்தில் இரண்டையும் பிணைத்து ஒன்றாக இழுக்க வைக்கத்தான் டிஃப் லொக் என்று ஒன்றைப் பூட்டித் தந்திருக்கிறார்கள். சீட்டுக்குக் கீழே, வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடல். மிதித்தால் பூட்டும், காலை எடுத்தால் கழலும். பூட்டியிருக்கும்போது வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும், வளைவில் திரும்பாது. விஷயம் இவ்வளவுதான். புவனேந்திரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். தெரியாதவன் செய்திருந்தால் கூடப் போகட்டும் என்று விடலாம். இவன் தெரிந்தே செய்தான்.

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. அங்கே கீழ்மலை என்ற மலைக்கு ஒரு காலத்தில் லொறி போய்வந்தது. மண் சரிந்து ரோட்டில் பாதியைக் கொண்டுபோன பிறகு லொறி நின்றது. பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிட்டு, குறுக்குப் பாதையில் ஏறி மேலே கொழுந்து சேர்க்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படிக் கொண்டுபோன ஒரு மழை நாளில்தான் புவனேந்திரனின் பெண்சாதி ஜீவராணி வழுக்கி விழுந்தாள். சாக்கு அவள் மேல் விழுந்தது. முதுகெலும்பில் ஏதோ பிதுங்கிவிட்டதாகப் பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

"இனி பாரம் தூக்கவே கூடாதம்மா" என்றார் டொக்டர். ஜீவராணி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"கொழுந்து எடுக்கலாமானு நீங்க கேட்டிருக்கலாமே" என்றாள் புருஷனிடம்.

"ஏன், நீ கேட்டிருக்கலாமே."

பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்துதான் இரண்டு பேரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நின்றாள். மலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. இதில் டொக்டர் வந்து என்ன செய்யப் போகிறார்.

நல்லவேளையாக அந்த வருஷமே தோட்டத்துக்கு இந்தச் சின்ன டிராக்டர் வந்தது. மிச்சமிருந்த பாதி ரோட்டில் அது இறங்கும், ஏறும். கொழுந்தை ரோட்டோரத்திலேயே எடை போட்டு, பின்னால் கட்டிய பெட்டியில் ஏற்றிவிடலாம். சாக்குகளின் மேல் பெண்களும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஆள் ஏற்றக்கூடாது என்பது தோட்ட மேனேஜர் தொரையின் கட்டளை. ஆனால் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் அந்த நேரம் பார்த்து எப்போதும் வேறு பக்கம் திரும்பி நிற்பார். ஜீவராணியைப் பெட்டியின் முன்பக்கத்தில், குலுக்கல் குறைவான இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் புவனேந்திரன் வண்டியை எடுப்பான். அந்த வண்டி ஓடுகிற வரைக்கும் அவள் முதுகுக்கு ஆபத்தில்லை. அவனுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை.

மழை பிடித்ததும் பெரிய வளைவுக்குக் கொஞ்சம் கீழே ரோட்டில் ஊற்றுக் கிளம்பியது. அந்தத் துண்டு முழுக்கச் சேறு. லொக்கை மிதித்தபடியே ஏற வேண்டும். அவனுக்கோ வலது முழங்காலில் வாதம். விடியக் காலையில் எழும்பி, நாள் பூரா பிரேக்கை மிதித்து, பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பெடலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதென்றால் உயிர் போய்விடும். ஒருநாள் கவ்வாத்து மலையோரம் ஒரு மிலாறுத் துண்டைப் பொறுக்கினான். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைதான் மிலாறு. தோட்டத்தில் எல்லா வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. துண்டைப் பெடலுக்கும் சீட்டுச் சட்டத்துக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தான். பெடல் அமுங்கியபடி நின்றது, காலுக்கு விடுதலை. சேறு தாண்டியதும் குதிகாலால் ஓர் உதை, துண்டு தெறித்து விழும். நல்ல யோசனைதான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. களைத்துப்போனவனுக்குத் தோன்றுகிற யோசனைகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

தேயிலைக் கிளை வளையாது, இரும்புதான் விட்டுக்கொடுத்தது. தினம் முட்டுக் கொடுத்ததில், பெடலைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் தளர்ந்துபோனது. அதன் கீழே உள்ள கம்பியும் கோணிக்கொண்டது. ஒரு நாள் துண்டை உதைத்த பிறகும் பெடல் மேலே வரவில்லை. செருப்பு முனையைக் கொடுத்துக் கிளப்பினான், வந்தது. மறுநாள் அதற்கும் அசையவில்லை. லுணுகலையில் கராஜ் வைத்திருக்கிற றில்வானுக்குப் போன் போட்டான்.

"பாரம் ஏறி நிக்கிறப்போ உள்ளுக்குப் பல்லு ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சிக்கும் அண்ணன். கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சு விடுங்க, கழண்டிரும்" என்றான் றில்வான்.

அப்படியே செய்தான். டக்கென்று கழன்றது.

"கழண்டிருச்சு. அப்போ பிரச்சினை இல்லதானே?"

"இருக்கு அண்ணன். கம்பி நிமித்தணும், ஸ்பிரிங் மாத்தணும். சாமான் கொழும்புலேருந்து வரணும், வார வரைக்கும் ஓடவேணாம். வளைவுல கழலாம நிண்டா அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டுப் புவனேந்திரன் வெகுநேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீரசிங்கத்திடம் சொன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். தோட்டத்தில் நிறுத்திய வண்டி எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. ஜீவராணி மறுபடி தலையில் கயிறு மாட்ட வேண்டும். அவன் சொல்லவில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, ஸ்பிரிங்குக்குப் பதிலாக இழுத்துக் கட்டினான். அது வேலையும் செய்தது. அதுதான் கெடுத்தது.

அன்றைக்குப் பகல் முழுக்கத் தூறல். கொழுந்து நனைந்து கனத்துக் கிடந்தது. எடை போட்டு முடிந்ததும் சாக்குகளின் மேல் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஏறினார்கள். கருப்பம்மா கடைசி. அறுபதை எட்டப்போகிற மனுசி, பேரை வெட்டிக்கொண்டு ஓய்வுக்குப் போகாமல் இன்னும் மலைக்கு வருகிறவள்.

"டிரைவர் தம்பி, இன்னைக்கு மேல கொண்டு போய் சேத்துருவியா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?"

"ஒக்காரு அக்கா. உன்னைய ஏத்துறதுதான் வண்டிக்குக் கஷ்டம்."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. சேறு வந்தது. முட்டுக் கொடுத்தான். இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடித்து இழுக்க, வண்டி முனகிக்கொண்டு ஏறியது. சேறு முடிகிற இடத்தில் துண்டை உதைத்தான். துண்டு விழுந்தது, கூடவே பட்டென்று டியூபும் அறுந்தது. பெடல் அமுங்கியபடியே கிடந்தது. வளைவு முன்னால் வந்துவிட்டது.

ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தான். முன் சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. திரும்பிய சக்கரங்களை ஈர மண்ணில் தள்ளிக்கொண்டு, ரோட்டின் வெளி ஓரத்தைப் பார்த்து அது நேராகவே போனது. கீழே மண் சரிந்த பள்ளம். ஒற்றைக் காலில் எழும்பி நின்று பிரேக்கை மிதித்தான். ஒரு முன் சக்கரம் ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியபடி வண்டி நின்றது.

"பின்னுக்கே எறங்குங்க, மெதுவா" என்று ஜீவராணியின் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அவள்தான் கடைசியாக இறங்கினாள். பின் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார்கள்.

லொக் பூட்டியே இருந்ததால் நேராகப் பின்னுக்கு இழுப்பதில் சிக்கல் இருக்கவில்லை. வண்டியை உள்பக்கத்துக்குக் கொண்டுவந்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, இன்ஜினை நிறுத்தினான். பிறகு சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். கோணிய கம்பியும் அறுந்த டியூபும் கண்ணுக்கு நேரே தெரிந்தன. ஸ்பேனரால் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இரண்டு தடவை ஸ்பேனர் நழுவி நெஞ்சில் விழுந்தது. கடைசியில் லொக் டக்கென்று கழன்றது.

வெளியே வந்தபோது ஜீவராணி மிலாறுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நாளா இது?"

"மழை புடிச்சதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியக் கொண்டு போயிருவாங்க. நீ தூக்க வேண்டி வரும்."

அவள் கிட்ட வந்தாள். பிறகு, மற்றப் பெண்களுக்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னாள்: "என் ஒத்த முதுகுக்காக இத்தனை பேரைப் பள்ளத்துல தள்ளப் பாத்தீங்களே. நான் கேட்டேனா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் விட அலுப்பாக இருந்தது. அப்படியே சேற்றில் படுத்துவிடலாம் போலிருந்தது.

வண்டி இப்போது திரும்பும், ஏறும். ஆனால் ஒருத்தியும் பெட்டியில் ஏறவில்லை. அவன் கொழுந்தை மட்டும் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான், பெண்கள் பின்னால் நடந்து வந்தார்கள். மடுவத்தில் வீரசிங்கத்திடம் ஒன்று விடாமல் சொன்னான். வீரசிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மறுநாளே வண்டியை லுணுகலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி இல்லாத டிரைவருக்குத் தண்ணீர்க் கான் வெட்டுகிற வேலை. மண்வெட்டியோடு அவனைக் கீழ்மலைக்கே அனுப்பினார்கள். சாயங்காலம் வேலை முடிந்து ஆம்பிளைகள் எல்லாரும் வீடு போனார்கள். அவன் மட்டும் பெண்கள் சாக்குக் கட்டுகிற இடத்துக்குப் போய், ஜீவராணியின் சாக்கைத் தூக்கிக் கயிற்றைத் தலையில் மாட்டினான். அந்தத் தோட்டத்தில் ஆம்பிளை சாக்கைத் தோளில் தூக்குவான். தலையில் கயிறு போடுவது பெண்களின் வேலை. தோளில் வைத்துப் பார்த்தான், அந்த ஒற்றையடிப் பாதையில் சாக்கு செடியில் இடித்து அவனைத் தள்ளியது. ஆகவே கயிறுதான். மேலேயிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

"கயித்தை இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க. இல்லாட்டி கழுத்துப் புடிச்சுக்கும்" என்றாள் ஜீவராணி.

ஏறினான். கொஞ்ச தூரத்திலேயே கழுத்து நரம்பு தெறித்தது, முழங்கால் கத்தியது. கண்ணுக்குத் தன் பாதத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. டிராக்டர் வருகிற வரைக்கும் இவள் இந்தப் பாதையில் பார்த்ததெல்லாம் இதுதானா என்று நினைத்துக்கொண்டான். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டான். பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"வழி விடு தம்பி."

கருப்பம்மா. சாக்கு அவள் இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒதுங்கினான். அவள் முதுகு எத்தனை வருஷமாக அப்படி வளைந்திருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவளைத் தினம் பெட்டியில் ஏற்றியிருக்கிறான், கேலி பேசியிருக்கிறான். அவன் கணக்கில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு முதுகு. கருப்பம்மாவைப் படம் எடுத்துப் பார்க்க யாரும் பதுளைக்குக் கூட்டிப்போகவில்லை.

கருப்பம்மா இரண்டடி ஏறி, கால் வழுக்கி, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த ஜீவராணி புருஷனைத் தாண்டிப் போனாள். குனிந்து, கருப்பம்மாவின் சாக்கின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கினாள்.

"போ அக்கா. நான் புடிச்சிருக்கேன்."

தூக்காதே என்று சொல்லப் புவனேந்திரன் வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, அவர்கள் பின்னால் ஏறினான்.